பத்ரி, கேதார் போகிறீர்களா? பணத்தை எண்ணும் முன் நாட்களை எண்ணுங்கள்!

"ரிட்டையர் ஆகட்டும் சார், முதல் வேலையா பத்ரிநாத், கேதார்நாத் போயிட்டு வந்துடணும்!"

சென்னையில் எந்த ஆபீசிலும், எந்தக் கடைவீதியிலும் இப்படிச் சொல்லும் ஆள் ஒருவராவது இருப்பார். ஆசை நல்ல ஆசைதான். அதற்காக மாதாமாதம் பணமும் சேர்க்கிறார். மகனோ, மகளோ பாதிச் செலவை ஏற்றுக்கொள்கிறார்கள்.

அவர் சேர்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அதுதான் நாட்கள்!

"எட்டு நாள்ல போயிட்டு வந்துடலாமா?", "பத்து நாள் லீவுல நாலு கோவிலையும் முடிச்சிடலாமா?" என்று யாத்திரை நடத்துகிறவர்களிடம் கேட்கிறார்கள். "தாராளமா முடிக்கலாம்" என்று பதில் சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இமயமலை இந்தக் கணக்குக்கு எல்லாம் கட்டுப்படாது. ஏன் என்று பார்ப்போம்.

ஊட்டிக்கும் மேலே!

நமக்குத் தெரிந்த உயரம் ஊட்டிதான். அங்கே தொட்டபெட்டா சிகரம் சுமார் 8,650 அடி. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சூடாக ஒரு டீ குடித்துவிட்டு இறங்கி விடுகிறோம்.

பத்ரிநாத் 10,000 அடிக்கு மேல். கேதார்நாத் சுமார் 11,750 அடி. அதாவது, தொட்டபெட்டா உச்சியில் நின்றுகொண்டு, அதற்கு மேலும் 3,000 அடி ஏற வேண்டும்! கங்கோத்ரி, யமுனோத்ரி கோவில்களும் 10,000 அடி உயரத்தில் இருப்பவைதான்.

கேதார்நாத்தில் காற்று மெலிந்திருக்கும். சென்னையில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராண வாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு இது புதுசு. பழகிக்கொள்ள உடம்பு அவகாசம் கேட்கும். பணம் கொடுத்து அந்த அவகாசத்தை வாங்க முடியாது.

பத்ரிநாத்துக்கும் கங்கோத்ரிக்கும் கோவில் பக்கம் வரை வண்டி போகும். யமுனோத்ரிக்கு ஜானகி சட்டி என்ற இடத்திலிருந்து 5, 6 கி.மீ. நடக்க வேண்டும். கேதார்நாத்துக்குத்தான் பெரிய நடை. கௌரிகுண்டத்திலிருந்து சுமார் 16 கி.மீ. ஏற்றம். கௌரிகுண்டம் சுமார் 6,500 அடி உயரம். ஆக, ஒரே நாளில் 5,000 அடி ஏறுகிறோம்.

2022-ம் ஆண்டு யாத்திரைக் காலத்தில் மட்டும் இந்த நாலு கோவில்களின் வழியில் 200-க்கும் மேற்பட்ட பக்தர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளத்திலோ, பாறைச் சரிவிலோ சாகவில்லை. மாரடைப்பு, மூச்சுத் திணறல் போன்ற உடல்நலக் கோளாறுகள்தான் காரணம்.

ஆழ்வார் சொன்ன யோசனை

பத்ரி நமக்கு அன்னிய ஊர் அல்ல. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நம் ஆழ்வார்கள் பாடிய திருவதரி அதுதான்.

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இந்த ஊரைப் பாடும்போது என்ன சொல்கிறார் தெரியுமா? கிழப்பருவம் வந்து, முதுகு வளைந்து, கோல் ஊன்றித் தள்ளாடி நடக்கும் காலம் வருவதற்கு முன்பே போய் வதரியை வணங்க வேண்டும் என்கிறார்!

ரெயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்து யோசனை அது. இன்றைக்கும் அதுதான் சரி. 60 வயது வரை ஏன் காத்திருக்க வேண்டும்? 45 வயதிலும், 50 வயதிலும் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கும். அப்போதே போய் வந்துவிடலாம்.

"லீவு யார் கொடுப்பார்கள்?" என்கிறீர்களா? நியாயமான கேள்வி. எத்தனை நாள் லீவு வேண்டும் என்பதை முதலில் பார்த்து விடுவோம்.

இதோ நாள் கணக்கு!

பத்ரி, கேதார் இரண்டுக்கு மட்டும் கணக்கு போடுவோம். ரெயில் ஏறும் இரவை விட்டுவிட்டு மறுநாளில் இருந்து எண்ணுங்கள்.

1-ம் நாள்: முழுக்க ரெயிலில். சென்னையில் இருந்து டெல்லி சுமார் 2,200 கி.மீ. தமிழ்நாடு எக்ஸ்பிரசிலேயே ஏறத்தாழ 33 மணி நேரம் ஆகும்.

2-ம் நாள்: காலையில் டெல்லி. அங்கிருந்து ரெயிலிலோ, பஸ்சிலோ அரித்துவார். இரவு தங்கல்.

3-ம் நாள்: ரிஷிகேஷ், தேவபிரயாகை, ருத்ரபிரயாகை வழியாக குப்தகாசி. சுமார் 4,300 அடி. இரவு தங்கல்.

4-ம் நாள்: விடியும் முன் புறப்பட்டு சோன்பிரயாகை. அங்கிருந்து ஜீப்பில் கௌரிகுண்டம். பிறகு நடை. மாலைக்குள் கேதார்நாத். இரவு அங்கேயே.

5-ம் நாள்: காலையில் தரிசனம். இறக்கம். மீண்டும் குப்தகாசி.

6-ம் நாள்: ஜோஷிமடம். சுமார் 6,150 அடி. இரவு தங்கல்.

7-ம் நாள்: பத்ரிநாத். தப்த குண்டம் வெந்நீர் ஊற்றில் குளியல், தரிசனம். இரவு தங்கல்.

8-ம் நாள்: காலையில் பிரம்ம கபாலத்தில் பித்ரு காரியம். பக்கத்தில் 3 கி.மீ. தூரத்தில் உள்ள மாணா கிராமத்தைப் பார்த்துவிட்டு இறக்கம். ருத்ரபிரயாகையில் தங்கல்.

9-ம் நாள்: அரித்துவார்.

10-ம் நாள்: டெல்லி. இரவு ரெயில்.

11-ம் நாள்: ரெயிலில்.

12-ம் நாள்: காலையில் சென்னை.

ஆக 12 நாள். அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்! இதோடு 2 நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 14 நாள். கங்கோத்ரியும் யமுனோத்ரியும் வேண்டும் என்றால் இன்னும் 4 நாளாவது கூடும்.

விமானத்தில் டெல்லி போய் வந்தால் 3 நாள் மிச்சம். மிச்சமான நாட்களை மலையில் தங்கி ஓய்வு எடுக்கச் செலவழியுங்கள். ஆபீசுக்குத் திருப்பிக் கொடுத்து விடாதீர்கள்!

அந்த 2 நாள் எதற்கு?

கூடுதலாக வைத்த 2 நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர்நாடி.

2013-ம் ஆண்டு ஜூன் 16, 17 தேதிகளில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பேய்மழை. கேதார்நாத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்து வெள்ளம் பாய்ந்தது. வழியில் இருந்த ராம்பாரா அடையாளம் தெரியாமல் போனது. உத்தரகண்ட் மாநிலத்தில் இறந்தவர்களும், காணாமல் போனவர்களுமாக 5,000-க்கும் மேற்பட்டோர். கோவில் மட்டும் நின்றது. பின்புறம் உருண்டு வந்து நின்ற பெரிய பாறை, வெள்ளத்தை இரண்டாகப் பிரித்து விட்டது. பழைய நடைபாதையின் ஒரு பகுதி அழிந்ததால், புதுப்பாதை போட்டார்கள். 14 கி.மீ. நடை 16 கி.மீ. ஆனது.

2024-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி இரவு கேதார்நாத் பாதையில் மேக வெடிப்பு. பாதை பல இடங்களில் துண்டானது. நடுவழியில் சிக்கிய ஆயிரக்கணக்கான பக்தர்களை ஹெலிகாப்டரிலும், கால்நடையாகவும் மீட்டார்கள்.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி கங்கோத்ரி போகும் வழியில் உள்ள தராலி கிராமத்தை வெள்ளமும் சேறும் மூடின.

இவை பெரிய சம்பவங்கள். சின்னச் சின்ன மண்சரிவு மழைக்காலத்தில் சகஜம். ரோட்டில் மண் விழுந்தால், புல்டோசர் வந்து அள்ளும் வரை நிற்க வேண்டியதுதான். அரை மணியிலும் வழி திறக்கும். மறுநாளும் ஆகும்.

வழி திறக்காவிட்டால் ரெயில் போய்விடும். அந்தப் பயத்தில்தான் வினை பிறக்கிறது. கணவன், மனைவி, வயதான மாமியார் மூன்று பேரும் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏங்க, அத்தைக்கு ரொம்ப மூச்சு வாங்குது. இன்னிக்கு இங்கேயே தங்கிடலாமே?"

"தங்கினா எல்லாம் ஒரு நாள் தள்ளிப் போயிடும். அப்புறம் ரெயிலை எப்படிப் பிடிக்கிறது? இன்னும் நாலு கிலோ மீட்டர்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறிடச் சொல்லு!"

மலையில் இதைவிட ஆபத்தான பேச்சு வேறு இல்லை. பெற்ற தாய் மேல் அவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. கையில் நாள் இல்லை, அவ்வளவுதான்! 2 நாள் மிச்சம் இருந்திருந்தால், "அதுக்கென்ன, தங்கிட்டு நாளைக்கு ஏறலாம்மா" என்று அவரே சொல்லியிருப்பார்.

எந்த மாதம் போகலாம்?

இந்தக் கோவில்கள் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. கங்கோத்ரி, யமுனோத்ரி நடைகள் வழக்கமாக அட்சய திருதியையை ஒட்டித் திறக்கும். கேதார்நாத் நடை திறக்கும் தேதியை மகா சிவராத்திரி அன்று உக்கிமடத்தில் அறிவிப்பார்கள். பத்ரிநாத் தேதியை வசந்த பஞ்சமி அன்று நரேந்திரநகர் அரண்மனையில் அறிவிப்பார்கள். தீபாவளியை ஒட்டி மூன்று கோவில்கள் மூடப்படும். பத்ரி நடை நவம்பரில் சாத்தப்படும்.

மே, ஜூன் மாதங்களில் கூட்டம் அலைமோதும். ஜூலை, ஆகஸ்டு மழைக்காலம். மண்சரிவு அதிகம். வயதானவர்களை அழைத்துக்கொண்டு அப்போது போக வேண்டாம்.

செப்டம்பர் கடைசியில் இருந்து அக்டோபர் நடு வரை நல்ல காலம். மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். கூட்டம் குறைவு. ராத்திரிக் குளிர்தான் கடுமை. நமக்குப் புரட்டாசி மாதம். பெருமாளைப் பார்க்க வேறு மாதம் வேண்டுமா?

ஜவுளிக்கடை, பாத்திரக்கடைக்காரர்களுக்கு அது தீபாவளி வியாபார நேரம். கடையை விட்டு வர முடியாது. அவர்களுக்கு மே, ஜூன்தான் தோது. கூட்டத்துக்காக இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளட்டும்.

முதலில் டாக்டர், பிறகு டிராவல்ஸ்!

டிக்கெட்டு எடுத்த பிறகு டாக்டரிடம் போனால், "போகலாம்" என்று சொல்லச் சொல்லி நாமே அவரை நெருக்குவோம். அதனால் முதலில் டாக்டரைப் பாருங்கள். 55 வயதைக் கடந்தவர்கள், இருதய நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் உடம்பைப் பரிசோதித்துக் கொண்டே வர வேண்டும் என்பது உத்தரகண்ட் சுகாதாரத்துறையின் யோசனை. மலைப் பயணத்துக்கு மட்டும் குறைந்தது 7 நாள் வைத்துக்கொள்ளும்படியும் அந்தத் துறையே சொல்கிறது.

புறப்படுவதற்கு 3 மாதம் முன்பே நடக்க ஆரம்பியுங்கள். முதலில் தினமும் அரை மணி. பிறகு ஒரு மணி. கூடவே 10 நிமிடம் மூச்சுப் பயிற்சி. பஸ்சில் போகிறவர்கள் இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்தாலே போதும், பழக்கம் வந்துவிடும்.

பிறகு ஒரு பரீட்சை. ரோப் காரில் ஏறாமல் சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகளை ஏறிப் பாருங்கள். அடுத்து திருப்பதி அலிபிரி பாதையின் 3,550 படிகள். பாதியிலேயே நெஞ்சு அடைத்தால், கேதார் நடையை நினைக்கவே வேண்டாம். இங்கே ஏறி விட்டோம் என்பதால் அங்கேயும் ஏறிவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. இங்கே காற்று உண்டு. அங்கே பாதி வழியிலேயே காற்று மெலிந்து விடும்.

பதிவு, டிக்கெட்டு, ரூம்

யாத்திரைக்குப் பெயர் பதிவு செய்வது கட்டாயம். உத்தரகண்ட் அரசின் இணையதளத்தில் இங்கிருந்தே செய்யலாம். அடையாள அட்டை வேண்டும். பதிவுச் சீட்டை அச்செடுத்துக் கையில் வையுங்கள். பதிவு இல்லாவிட்டால் வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தி விடுவார்கள்.

ரெயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்பாகத்தான் தொடங்குகிறது. 2024 நவம்பர் 1-ந் தேதிக்கு முன்பு 120 நாளாக இருந்தது. செப்டம்பர் 20-ந் தேதி ரெயில் என்றால், ஜூலை 22-ந் தேதி காலை 8 மணிக்குத் தயாராக இருங்கள்.

தங்குவதற்கு கட்வால் மண்டல் விகாஸ் நிகாம் என்ற அரசு நிறுவனத்தின் விடுதிகள் வழிநெடுக உள்ளன. முன்கூட்டியே ரூம் போடலாம்.

ஹெலிகாப்டரில் பறந்தால்?

"நடக்க முடியாது, ஹெலிகாப்டரில் போய்விடலாம்" என்பவர்கள் அதிகம். குப்தகாசி, பாட்டா, செர்சி ஆகிய இடங்களில் இருந்து பறக்கிறது. சில நிமிடங்களில் கேதார்நாத். சவுகரியம்தான். ஆனால், உடம்பு பழக அந்தச் சில நிமிடம் போதாது. இருதய நோயாளிக்கு ஹெலிகாப்டர் காலைத்தான் காப்பாற்றும். நெஞ்சைக் காப்பாற்றாது.

மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் நிற்கும். 2022 அக்டோபர் 18-ந் தேதி கேதார்நாத் அருகே ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அதில் 3 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். 2025 ஜூன் 15-ந் தேதி கௌரிகுண்டம் அருகே இன்னொரு ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் இறந்தார்கள். இன்று பறக்கவில்லை என்று பைலட் சொன்னால் சண்டை போடாமல் ரூமுக்குத் திரும்புங்கள். இதற்கும் அந்த 2 நாள்தான் கைகொடுக்கும்.

இன்னொரு எச்சரிக்கை! ஹெலிகாப்டர் டிக்கெட்டு என்று போலி இணையதளம் நடத்திப் பணம் பறிக்கும் கும்பல்கள் உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி.யின் ஹெலியாத்ரா தளத்தை விட்டு வேறு எங்கும் பணம் கட்டாதீர்கள்.

குதிரை உண்டு. நாலு பேர் தூக்கும் டோலி உண்டு. ஒருவர் முதுகில் கூடை வைத்துத் தூக்கும் கண்டியும் உண்டு. அரசு நிர்ணயித்த கட்டணத்தைக் கவுண்டரில் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

டிராவல்ஸ்காரரிடம் 5 கேள்வி

குழுவாகப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்:

1. ஒவ்வொரு இரவும் எந்த ஊரில் தங்கல்?

2. ஓய்வுக்கு என்று ஒரு நாளாவது உண்டா?

3. ரோடு அடைத்து ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் செலவு யாருடையது?

4. ஒருவருக்கு உடம்பு முடியாமல் கீழே இறங்க நேர்ந்தால், கூட யார் வருவார்?

5. திரும்பும் ரெயில், மலை இறங்கி எத்தனை நாள் கழித்து?

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், சாமி பார்த்துக்கும்" என்று பதில் வந்தால், கும்பிடு போட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்!

மூட்டையில் என்ன?

கம்பளிச் சட்டை, குல்லாய், கையுறை, மழைக்கோட்டு, வழுக்காத ஷூ, டார்ச் லைட். புது ஷூவோடு போய் இறங்காதீர்கள். ஒரு மாதம் முன்பே போட்டுப் பழகுங்கள்.

மாத்திரைகளை இரண்டு பங்காக்கி, இரண்டு பைகளில் வையுங்கள். ஒரு பை குதிரையோடு போய்விட்டாலும் இன்னொன்று இருக்கும். பெயர், நோய், சாப்பிடும் மாத்திரை, வீட்டு போன் நம்பர் ஆகியவற்றை இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். செல்போன் எல்லா இடத்திலும் எடுக்காது.

தலைவலி வந்தால்...

மேலே ஏறும்போது தலைவலி, வாந்தி, பசியின்மை, தூக்கமின்மை வந்தால் அது உயரத்தின் கோளாறு. மேலே ஏறாமல் அங்கேயே நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள். ஓய்வு எடுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கீழே இறங்க வேண்டும். கற்பூரத்தை முகர்ந்து சமாளிக்கிற விஷயம் இல்லை இது. இறங்குவதுதான் முதல் மருந்து. வழியில் உள்ள மருத்துவ முகாமில் காட்டுங்கள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு தரிசனம் பண்ணாம திரும்பறதா?" என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவர்கள்தான் தைரியமாக முடிவு எடுக்க வேண்டும். யார் அந்த முடிவை எடுப்பது என்று சென்னையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற முடியாதவர்களுக்கு

டாக்டர் "கேதார் வேண்டாம்" என்று சொன்னால் மனம் உடைய வேண்டாம். அவர் சம்மதித்தால் வண்டியிலேயே பத்ரி போகலாம். அதுவும் கூடாது என்றால், தேவபிரயாகை இருக்கிறது. ஜோஷிமடம் இருக்கிறது. தேவபிரயாகை நம் திவ்ய தேசமான கண்டமென்னும் கடிநகர். ஜோஷிமடம் திருப்பிரிதி. இரண்டும் உயரம் குறைந்தவை.

இன்னொரு வழியும் உண்டு. நடை சாத்தியதும் கேதார்நாதரின் உற்சவ மூர்த்தியைப் பல்லக்கில் வைத்து உக்கிமடத்துக்குக் கொண்டு வருவார்கள். பத்ரியில் இருந்து உத்தவரும் குபேரரும் பாண்டுகேசுவரத்துக்கு வருவார்கள். குளிர்காலம் முழுவதும் பூஜை அங்கேதான். உக்கிமடம் 4,300 அடிதான். கோவில் அருகே வண்டி போகும். 2024 டிசம்பர் முதல் உத்தரகண்ட் அரசே குளிர்கால யாத்திரையை ஊக்குவித்து வருகிறது.

பனிக்காலத்தில் சாமியே கீழே இறங்கி வருகிறார். நாம் இறங்கி வந்தால் என்ன குறை?

திருஞானசம்பந்தர் கேதாரத்தைப் பாடியது மலை ஏறிப் போய் அல்ல. காளத்தியில் இருந்தபடியே பாடினார் என்கிறது பெரிய புராணம்.

போக முடிந்தவர்கள் போய் வாருங்கள். அடுத்த மகா சிவராத்திரி அன்று நடை திறக்கும் தேதி தெரிந்துவிடும். அதற்குள் டாக்டரைப் பாருங்கள். நடக்கத் தொடங்குங்கள். லீவுக்கும் எழுதிக் கொடுங்கள். மறக்காமல், 14 நாள்!